மூன்றாம் செமஸ்டரில் கல்லூரி மாறிய ஒரு மாணவி: நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் நான் வகுப்பு ஆலோசகராக இருந்தபோது நடந்தது இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் இணைப்புக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மாணவி மாறினார். மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கல்லூரிகளின் பெயரும் ஊர்ப் பெயரும் இல்லை. நான் தவறிய இடங்களை மறைக்கவில்லை.

பின்னணி

மாணவி 2022 கவுன்சலிங்கில் எங்கள் கல்லூரியில் பி.இ., இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) பிரிவில் சேர்ந்தார். வீடு தென்மாவட்டம் ஒன்றில். இரவு பஸ் ஏறினால் காலையில்தான் போய் இறங்க முடியும். அப்பாவுக்குச் சின்ன ஜெராக்ஸ் கடை. அம்மா வீட்டில். தம்பி எட்டாம் வகுப்பு. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான் என்பதால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இருந்தது. விடுதியில் தங்கிப் படித்தார்.

எங்கள் கல்லூரி அப்போது தன்னாட்சி பெறாதது. பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி அவர்கள் வகுத்த பாடத்திட்டம், அவர்கள் அனுப்பும் வினாத்தாள். பின்னால் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் வந்து நின்றதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் செமஸ்டர் தொடங்கி நான்காவது வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மாணவி அன்றிரவே கிளம்பிப் போனார். கடையைத் திறக்க வேண்டும், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப்போக வேண்டும். அம்மா ஒருவரால் இது முடியாது.

வருகைப்பதிவு

திரும்பி வந்தபோது 16 வேலைநாள் போயிருந்தது. 75 வேலைநாள் கொண்ட செமஸ்டரில் 75 விழுக்காடு வருகை வேண்டும். கணக்குப் போட்டால் மிச்சம் இரண்டு, மூன்று நாள்.

வருகை 65 முதல் 75 விழுக்காட்டுக்குள் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டிச் சலுகை கேட்கலாம் என்பது மாணவர்களுக்குப் பொதுவாகத் தெரியும். பலர் கவனிக்காதது, அது மாணவர் தாமே நோயில் விழுந்தாலோ விபத்தில் சிக்கினாலோதான் பொருந்தும் என்பதை. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு மாணவி என் முன்னால் நின்றபோது, அந்தத் தாள் இங்கே செல்லாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அந்தச் செமஸ்டரையே அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அடுத்த சில வாரங்களில் நான் பார்த்தவை: வகுப்பில் தூங்கிவிழுந்தார். முதல் இண்டர்னலில் 80க்கு மேல் எடுத்தவர் இரண்டாவதில் 50ஐத் தாண்டவில்லை. மதிய இடைவேளையில் சாப்பிடப் போகாமல் மாடிப்படிக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார். கடைக்கு வரும் வாடிக்கையாளர் கேட்கும் தாள் அளவையும் பக்கக் கணக்கையும் அங்கிருந்தே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வழிகள்

அம்மாவை வரச் சொல்ல முடியாததால் போனிலேயே பேசினோம். அவருக்கு ஒரே யோசனைதான்: "ஒரு வருசம் நிப்பாட்டி வைங்க சார். அவங்க அப்பா எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் வந்து படிக்கட்டும்."

இதற்கு விதியில் இடமுண்டு. முன்கூட்டியே விண்ணப்பித்துப் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தலாம், பிறகு வந்து தொடரலாம். பட்டத்தை முடிக்க மொத்தம் ஏழு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தாளில் பார்த்தால் பாதுகாப்பான வழி. ஆனால் மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. "நின்னா நான் திரும்ப வரமாட்டேன் சார். கடையிலேயே உக்காந்துருவேன், எனக்குத் தெரியும்" என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன இந்த வார்த்தையை நான் எந்த விதியையும்விடப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது வழி, இங்கேயே தொடர்வது. விடுதிச் செலவு, பஸ் செலவு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூன்றாம் செமஸ்டரில் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று தோன்றியது.

மூன்றாவது வழி கல்லூரி மாற்றம். முதலாண்டின் நடுவில் மாற முடியாது. இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் முயலலாம். இரண்டு முதல்வர்களின் சம்மதக் கடிதம், போகிற கல்லூரியில் அதே பிரிவில் காலியிடம், கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆணை, பாட இணைத்தன்மைக்கு, அதாவது இங்கே படித்த பாடங்கள் அங்கே உள்ளவற்றுக்குச் சமம் என்பதற்கு, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல். இவ்வளவும் சேர்ந்தால்தான் மாற்றம்.

இதை முடிவுசெய்த வாரத்தில் ஊரிலிருந்து ஒரு சித்தப்பா போன் செய்தார். "அது வேற யுனிவர்சிட்டி சார், ஒத்துக்கமாட்டாங்க. எங்க பையன் 2009ல கேட்டுப் பாத்தான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 2007இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துத் திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியிருந்தார்கள். 2012இல் அவை மறுபடி ஒன்றாகிவிட்டன. "இப்ப எல்லாம் ஒரே பல்கலைக்கழகம்தான், கவலைப்படாதீங்க" என்று அவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அந்த உற்சாகம்தான் என் முதல் தவறு.

பக்கத்துக் கல்லூரியும் தூரத்துக் கல்லூரியும்

வீட்டிலிருந்து 8 கிலோமீட்டரில் ஒரு கல்லூரி. நல்ல பெயர், நல்ல ஆய்வகம், இ.சி.இ.யில் இடமும் இருந்தது. 40 கிலோமீட்டரில் இன்னொன்று; அவ்வளவு பெயரில்லை. இனி இவற்றைப் பக்கத்துக் கல்லூரி, தூரத்துக் கல்லூரி என்றே சொல்கிறேன். யாரைக் கேட்டாலும் பக்கத்துக் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அங்கேதான் முதலில் எழுதிக் கேட்டோம். அவர்கள் முதல்வர் இரண்டே நாளில் சாதகமாகப் பதில் தந்தார்.

பக்கத்துக் கல்லூரி தன்னாட்சி பெற்றது. தன்னாட்சிக் கல்லூரியிலும் பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம்தான். ஆனால் பாடத்திட்டத்தை வகுப்பது அந்தக் கல்லூரியின் பாடத்திட்டக் குழு, வினாத்தாள் எடுப்பதும் தேர்வு நடத்துவதும் அவர்கள். இது எனக்குத் தெரியாததல்ல. இ.சி.இ. எங்கே படித்தாலும் முதலாண்டு ஏறக்குறைய ஒன்றுதானே என்ற மிதப்பில் இருந்தேன்.

எங்கள் துறைத்தலைவர்தான் இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துப் பார்க்கச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மணி நேர வேலை.

முதல் செமஸ்டரில் சிக்கல் இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம் எல்லாம் சரியாகப் பொருந்தின. தமிழர் மரபு என்ற பாடமும் இரண்டு இடத்திலும் இருந்தது. இரண்டாம் செமஸ்டரில்தான் கோடுகள் குறுக்கே ஓட ஆரம்பித்தன. பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இ.சி.இ. மாணவர்கள் இரண்டாம் செமஸ்டரில் சர்க்யூட் அனாலிசிஸ் படித்தார்கள். சி புரோகிராமிங்கும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் சேர்ந்த பாடம் மூன்றாம் செமஸ்டரில் வந்தது, எலக்ட்ரானிக் டிவைசஸும் மூன்றாம் செமஸ்டரில்தான். பக்கத்துக் கல்லூரியில் இது தலைகீழ். அங்கே சி மொழியையும் டிவைசஸையும் முதலாண்டிலேயே முடித்துவிட்டு, சர்க்யூட் அனாலிசிஸை மூன்றாவதில் வைத்திருந்தார்கள்.

ஆக, இந்த மாணவி அங்கே போனால் படித்துத் தேறிய ஒரு பாடம் நடக்கும்போது சும்மா உட்கார வேண்டும். படிக்காத இரண்டு பாடங்களைக் கூடுதல் பாடமாகத் தானே படித்து எழுத வேண்டும். அதைவிட மோசம், டிவைசஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டு நடத்தும் மற்றப் பாடங்களில் முதல் நாளிலிருந்தே பின்தங்கி நிற்பார். ஒரு செமஸ்டரில் ஆறு பாடமும் ஆய்வகங்களும் போக இன்னும் இரண்டு. வீட்டில் படுக்கையில் அப்பா.

தூரத்துக் கல்லூரி தன்னாட்சி இல்லாதது. எங்கள் பாடத்திட்டமேதான் அங்கேயும், வரிக்கு வரி. ரேண்டம் பிராசசஸ், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், டிஜிட்டல் என்று மூன்றாம் செமஸ்டர் அப்படியே தொடரும். இணைத்தன்மை என்ற பேச்சுக்கே வேலையில்லை.

மாணவியிடம் இரண்டு தாளையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "40 கிலோமீட்டர் பஸ்ஸில் போனா ஒன்றேகால் மணி நேரம் சார். அதில் படிக்கலாம். கூடுதல் பாடத்தை எப்பப் படிப்பேன்?" தூரத்துக் கல்லூரி என்று முடிவானது. அம்மாவுக்கு இது புரியவே இல்லை. வாசலில் ஒரு காலேஜை வைத்துக்கொண்டு எதற்குப் பஸ்ஸில் போக வேண்டும் என்று பல நாள் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பக்கத்துக் கல்லூரியைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் பாட வரிசைதான் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்திருந்தது. முதலாண்டிலேயே அங்கே சேர்ந்திருந்தால் இவர் நன்றாகவே படித்திருப்பார்.

காலியிடம், கட்டணம், டி.சி.

தூரத்துக் கல்லூரியில் அந்த வகுப்பில் சில இடங்கள் காலி. ஆனால் இரண்டாமாண்டுக் காலியிடம் அப்படியே காத்திருக்காது. டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாமாண்டில் சேர்வார்கள்; அவர்களுக்கென்று உள்ள 10 விழுக்காடு போக, முதலாண்டில் நிரம்பாத இடங்களும் அவர்களுக்குப் போகும். அதனால் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், தேர்வு முடிந்த வாரத்திலேயே அந்த முதல்வரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டோம். இந்த நிகழ்வில் நாங்கள் உருப்படியாகச் செய்த காரியங்களில் இது ஒன்று.

அடுத்த தடை எங்கள் பக்கமே இருந்தது. தடையில்லாச் சான்று கேட்டு மாணவி அலுவலகத்துக்குப் போனார். மிச்சமுள்ள மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தரமுடியும் என்று கவுன்டரில் சொன்னார்கள். பிள்ளைகள் பலர் இந்த இடத்தோடு திரும்பிவிடுவார்கள். நான் அதே நிர்வாகத்தில் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் இதை எழுதுவதும் எளிதல்ல. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டி வாதாடலாமா என்று யோசித்தோம். வாதாடினால் கோப்பு தூங்கும். மாணவியிடம் நேரம் இல்லை. எனவே ஒரு கடிதம் மட்டும் கொடுத்தோம்: "மூன்று ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. அதை எழுத்தில் தந்தால் பெற்றோரிடம் காட்டி ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்." இவ்வளவுதான். எழுத்தில் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் முதல்வர் கூப்பிட்டார்; விடுதிப் பாக்கி, நூலகப் பாக்கி மட்டும் கட்டச் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டி.சி. விஷயத்தில் மாணவி ஒரு தவறு செய்யப் பார்த்தார். எல்லாம் முடிந்த மாதிரிதானே என்று டி.சி.க்கும் சேர்த்து விண்ணப்பம் எழுதிவிட்டார். அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். ஆணை கைக்கு வரும்முன் டி.சி. வாங்கிவிட்டால், ஆணை வராமல் போகும் பட்சத்தில் இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இல்லை.

இடைப்பட்ட ஐந்து வாரம்

மூன்றாம் செமஸ்டர் தொடங்கிவிட்டது, ஆணை வரவில்லை. தேர்வு முடிவு வந்து, மதிப்பெண் பட்டியலை இணைத்து அனுப்பிய பிறகுதான் கோப்பு முழுமையானது. அதனால் இது எதிர்பார்த்ததுதான். கேள்வி என்னவென்றால் அந்த இடைவெளியில் மாணவி எங்கே இருப்பது?

வீட்டுக்குப் போகத் துடித்தார். அப்பாவுக்குக் கை கொஞ்சம் அசைய ஆரம்பித்திருந்த நேரம் அது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வருகைப்பதிவில் ஓட்டை. போன செமஸ்டரில் விளிம்பில் தப்பியவர். எனவே ஆணை வரும்வரை எங்கள் கல்லூரியிலேயே வகுப்புக்கு வந்து வருகையைப் பதிவது, கிளம்பும்போது தேதிவாரியான வருகைச் சான்றும் முதல் இண்டர்னல் மதிப்பெண்ணும் முதல்வர் கையொப்பத்தோடு எடுத்துப்போவது என்று முடிவுசெய்தோம். தூரத்துக் கல்லூரி முதல்வரிடம் இதை முன்பே பேசி, சேர்த்துக்கொள்வதாக உறுதி வாங்கியிருந்தேன்.

ஆறாவது வாரம் ஆணை வந்தது. அன்று மதியமே டி.சி. வாங்கினார். விடுதி அறையைக் காலிசெய்ய அவரும் அறைத்தோழியும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

பின்னர் நடந்தவை

வருகையும் இண்டர்னலும் சிக்கலில்லாமல் ஏறின. நாங்கள் எதிர்பாராத இடம் கட்டணச் சலுகை. முதல் பட்டதாரி சலுகை 2010-11இலிருந்து இருக்கிறது. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கானது. புதிய கல்லூரி அலுவலகம் இவரை இடமாற்றம் என்ற தலைப்பில் பதிந்திருந்ததால், கவுன்சலிங் மாணவி என்பது அவர்கள் பட்டியலில் விட்டுப்போயிற்று. முழுக் கட்டணத்துக்கு ரசீது போட்டுவிட்டார்கள். 2022 ஒதுக்கீட்டு ஆணை நகலைக் கொண்டுபோய்க் காட்டியபின் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தச் செமஸ்டர்ப் பட்டியல் போய்விட்டதால் பணம் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. அடுத்த தவணையில் கழித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்துக்காக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனதை மாணவி ஓராண்டு கழித்துத்தான் என்னிடம் சொன்னார். மாணவி எடுத்துப்போன சான்றுகளின் உறையில் அந்த ஒதுக்கீட்டு ஆணை நகலை நான் சேர்த்து வைத்திருந்தால் கம்மல் போயிருக்காது.

மூன்றாம் செமஸ்டரில் ரேண்டம் பிராசசஸ் பாடத்தில் அரியர் விழுந்தது. அது மாற்றத்தால் வந்ததா, எங்கிருந்தாலும் வந்திருக்குமா என்று சொல்ல முடியாது. எங்கள் வகுப்பிலும் அந்தப் பாடத்தில் விழுந்தவர்கள் உண்டு. அடுத்த முறை எழுதித் தேறிவிட்டார். நான்காம் செமஸ்டரில் எல்லாவற்றிலும் தேர்ச்சி. பஸ்ஸில் படிக்கலாம் என்ற கணக்கு மட்டும் பலிக்கவில்லை. காலைப் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்திருக்கிறது. மாலையில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாராம்.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார், கடையில் கல்லாவில் உட்காருகிறார். மாணவி மாலை ஆறரைக்கு வந்து ஒன்பது வரை கடையைப் பார்த்துக்கொண்டது ஏறக்குறைய ஓராண்டு.

இழப்பும் இருந்தது. புதிய வகுப்பில் நண்பர்கள் சேர ஆண்டு ஒன்றானது. எங்கள் கல்லூரிக்கு வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பாதிகூட அங்கே வருவதில்லை. "அதை அன்னைக்கே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பியா?" என்று கேட்டேன். "யோசிச்சிருப்பேன் சார். ஆனா வந்திருப்பேன்" என்றார்.

இன்று வந்தால் மாற்றிச் செய்வது

தூரத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் இரு கல்லூரிகளின் இரண்டாம், மூன்றாம் செமஸ்டர்ப் பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். "ஒரே பல்கலைக்கழகம்" என்று சித்தப்பாவுக்கு நான் கொடுத்த தைரியம் பட்டச் சான்றிதழின் தலைப்புக்கு மட்டும் பொருந்தியது. பாடவரிசை, வருகைக்கணக்கு, சலுகைப் பட்டியல், டி.சி. எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி தனி வீடு. மாணவரின் பதிவெண்ணையே பாருங்கள்: 12 இலக்கத்தில் முதல் நான்கு கல்லூரியின் எண்.

வளாகத் தேர்வைப் பற்றி நான் பேசாமல் விட்டது தவறு. அன்றைய நிலையில் வேலையைப் பற்றிப் பேசுவது இரக்கமில்லாததாகத் தோன்றியது. தெரிந்து முடிவெடுக்கும் உரிமை அவருடையது. என் இரக்கம் அதைக் கொஞ்சம் பறித்துவிட்டது.

பேச்சை இன்னும் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம். மாணவி ஊரிலிருந்து திரும்பிய வாரமே காலியிடம் எங்கே என்று விசாரித்திருந்தால், பக்கத்துக் கல்லூரிக்கு எழுதிப் போன இருபது நாள் மிச்சமாகியிருக்கும். உறையில் போகவேண்டிய தாள்களில் ஒதுக்கீட்டு ஆணையும் முதல் பட்டதாரிச் சான்றும் மேலே இருந்திருக்கும்.

தடையில்லாச் சான்றுக்காக எழுதிய கடிதத்தை மாற்றமாட்டேன். அதற்காக என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க அலுவலகத்தில் டீ மட்டும் கிடைக்கவில்லை.

நான் இதை எழுதும்போது மாணவி ஏழாம் செமஸ்டரில் இருக்கிறார். போன மாதம் முதலாண்டு மாணவர் ஒருவர் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு என்னிடம் வந்தார். அவருக்கு அம்மாவின் டயாலிசிஸ். அவர் கேட்கும் கல்லூரியின் மூன்றாம் செமஸ்டர்ப் பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பென்சிலைச் சீவ வேண்டும்.